ஜனவரி 11-ம் அதற்கு முந்திய நாளும்

தேதி கிழிக்கும் காலண்டர் இல்லாத தேநீர்க் கடை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இல்லை எனலாம். முதல் பாலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே, கடைக்காரர் நேற்றைய தாளைக் கிழித்து விடுகிறார். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களின் கண் புதுத் தாள் மீது போகிறது. ஒருவர் ராகு காலம் பார்க்கிறார். இன்னொருவர் ராசிபலன் பார்க்கிறார். மூன்றாமவர், சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுகிறார்.

கிழித்த தாள் எங்கே போகிறது? வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்கப் போகிறது!

அப்படிக் கிழிந்து போகும் தாள்களில் ஒன்று ஜனவரி 11. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்துக்கும் அந்தத் தேதிக்கும் ஓர் உறவு உண்டு. 2024-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, அவ்வூர் சிப்காட் தொழிற்பேட்டையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று திறந்து வைக்கப்பட்டது.

அதே தேதியில் வேறு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று தேடினால், வியப்பு மேலிடுகிறது. வியப்போடு நின்று விடாமல், அதைக் கொஞ்சம் உரைத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

கொடியும் தடியும்

1932-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி உயிர் நீத்தவர் திருப்பூர் குமரன். "கொடி காத்த குமரன்" என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர்.

சென்னிமலையில் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். தறியில் வந்த வருமானம் போதாமல், திருப்பூர் வந்து மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய சொல்லில் சொன்னால், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளி.

1932-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். நாடெங்கும் கொந்தளிப்பு. திருப்பூரில் கொடி ஏந்தி ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் தடியடியில் குமரனின் மண்டை உடைந்தது. கீழே விழுந்தார், கையில் இருந்த கொடியை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 27.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்வலம் நடந்ததும், தடி விழுந்ததும், கொடியைக் காத்ததும் ஜனவரி 10-ந் தேதி. உயிர் பிரிந்தது 11-ந் தேதி. நினைவு நாளாக நின்று விட்டது பதினொன்று. வீரம் நிகழ்ந்த நாளோ பத்து.

தாஷ்கண்டில் ஒரு நள்ளிரவு

34 ஆண்டுகள் கழித்து அதே ஜனவரி 11. பாரதப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, சோவியத் நாட்டின் தாஷ்கண்ட் நகரில் திடீரென்று காலமானார்.

1965-ம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. போர் நின்றதே தவிரப் பகை நிற்கவில்லை. சோவியத் பிரதமர் கோசிஜின் முயற்சியால் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப்கானும் தாஷ்கண்டில் சந்தித்தார்கள். பல நாள் பேச்சு. கடைசியில் உடன்பாடு கையெழுத்தானது. அன்றிரவே, நள்ளிரவு கடந்த பின், சாஸ்திரியின் மூச்சு அடங்கியது. நேற்று வரை எதிர் அணியில் நின்ற அயூப்கானே அவர் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

கையெழுத்தான தேதி என்ன? அதுவும் ஜனவரி 10 தான்!

வியப்பு இதோடு முடியவில்லை. சாஸ்திரி பிறந்தது 1904-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. குமரன் பிறந்தது அதே 1904-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. இரண்டு நாள் இடைவெளியில் இருவர் பிறந்தார்கள். ஒருவர் முகல்சராயில், ஒருவர் சென்னிமலையில். ஒருவர் நாட்டின் பிரதமரானார். மற்றவர் 27 வயதில் தடியடிக்குப் பலியானார். இருவருக்கும் நினைவு நாள் ஒன்றாகி விட்டது. இருவரும் செய்ய வேண்டியதை முந்திய நாளே செய்து முடித்து விட்டார்கள்.

அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாஸ்திரியைப் பிரதமர் பதவியில் அமர்த்துவதற்கு முன் நின்ற பெருந்தலைவர் காமராஜர் மறைந்ததும், 1975-ம் ஆண்டு அதே அக்டோபர் 2-ந் தேதியில்தான்.

எல்லாம் விதியா?

இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், "பார்த்தீர்களா, எல்லாம் விதி!" என்று சிலர் சொல்லி விடுவார்கள். எண் கணித ஜோசியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிப் பலனும் சொல்லி விடுவார்.

ஆனால் கணக்குப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. ஓர் ஆண்டில் இருப்பவை 365 நாட்கள். லீப் ஆண்டில் ஒன்று கூடும். உலக சரித்திரம் முழுவதையும் இந்த 366 அறைகளில்தான் போட்டு அடைக்க வேண்டும். எந்த அறையைத் திறந்தாலும் ஒரு பிறப்பும், ஓர் இறப்பும், ஒரு போரும் இருக்கத்தான் செய்யும்.

ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. எங்காவது 23 பேர் கூடியிருந்தால், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 50 பேர் கூடினால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு 97. பிள்ளைப்பாக்கம் வழியே போகும் கம்பெனி பஸ் ஒன்றில் 50 பேர் இருந்தால் போதும். ஒரே தேதியில் பிறந்த ஒரு ஜோடி அநேகமாக அதில் இருக்கும். அவர்களுக்கு ராசிபலன் ஒன்றா? சம்பளம் ஒன்றா? சுகதுக்கம் ஒன்றா? இல்லை அல்லவா?

ஆகவே, தேதிகள் ஒன்றி வருவதில் மாயம் ஏதும் இல்லை. இடம் குறைவு, கூட்டம் அதிகம். காரணம் அவ்வளவுதான்.

பலிக்காத ஊசி

மாயம் இல்லை என்பதற்காகத் தேதியைத் தூக்கி எறிந்து விடலாமா? கூடாது. தேதி ஓர் ஆணி போன்றது. ஞாபகத்தை அதில் மாட்டி வைக்கலாம். ஆனால் ஆணியைப் பார்த்துக் கொண்டே சட்டையை மறந்து விடக் கூடாது.

ஜனவரி 11 என்ற ஆணியில் மாட்டியிருக்கும் இன்னொரு கதையைப் பார்க்கலாம். 1922-ம் ஆண்டு அந்தத் தேதியில், கனடா நாட்டின் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. மனிதருக்குப் போடப்பட்ட முதல் இன்சுலின் ஊசி என்று மருத்துவ சரித்திரம் அதைக் கொண்டாடுகிறது.

அந்த ஊசி சரியாகப் பலிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மருந்தில் கசடு இருந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. டாக்டர்கள் ஊசியை நிறுத்தி விட்டார்கள்.

பான்டிங், பெஸ்ட் இருவரும் எடுத்த அந்த மருந்தை, கோலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். ஜனவரி 23-ந் தேதி மறுபடி ஊசி போட்டார்கள். இம்முறை சர்க்கரை மளமளவென்று இறங்கியது. சிறுவன் பிழைத்தான்; மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பட்டியலில் இருப்பது ஜனவரி 11. பிள்ளையைப் பிழைக்க வைத்ததோ இடையில் ஓடிய பன்னிரண்டு நாள் உழைப்பு. அந்தப் பன்னிரண்டு நாளுக்கு எந்தக் காலண்டரிலும் இடம் இல்லை!

ஜனவரி 11-ல் பிறந்தவர்களும் உண்டு. 1973-ல் பிறந்தவர் கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட். 1954-ல் பிறந்தவர், குழந்தைத் தொழிலாளர் மீட்புக்காகப் பாடுபட்டு 2014-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தி. தொழிற்சாலை வாசலில் இன்று பிறந்த தேதிக்குச் சான்று கேட்கிறார்கள் அல்லவா? 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, 18 நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் விடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சத்யார்த்தி போன்றோர் ஆண்டுக் கணக்கில் போராடியதன் பலன்களில் அதுவும் ஒன்று. ஒரு பிள்ளையின் பிறந்த தேதிக்கு ஜாதகத்தில் இருக்கும் மதிப்பை விட, அந்த வாசலில் இருக்கும் மதிப்பு பெரிது.

தேதி தெரியாத வீரர்

2008-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி மறைந்தவர் எட்மண்ட் ஹிலாரி. 1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி டென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறி நின்றவர்.

அந்த டென்சிங்குக்குத் தாம் பிறந்த தேதி தெரியாது. நம் நாட்டுக் கிராமங்களில் பெரியவர்கள் பலருக்கும் இதே கதைதான். "பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தவன்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்டுக் கொடுத்த தேதியே பின்னர் ஆயுள் முழுவதும் கூட வந்திருக்கும்.

டென்சிங் என்ன செய்தார்? எவரெஸ்டில் ஏறிய மே 29-ஐயே தம் பிறந்த நாளாக வைத்துக் கொண்டார். தாய் பெற்ற நாள் தெரியாவிட்டால் என்ன, தாம் உழைத்துப் பெற்ற நாள் இருக்கிறதே! தேதியைக் கொண்டாடும் முறைகளில் இதை விடச் சிறந்தது இருக்க முடியாது.

நூறு தடா அக்காரவடிசில்

தமிழ்க் கணக்குப்படி ஜனவரி 11 மார்கழி மாதத்தில் வரும். பெரும்பாலான ஆண்டுகளில் 11-ந் தேதியோ 12-ந் தேதியோ மார்கழி 27 ஆகிறது. அன்று பெருமாள் கோயில்களில் கூடாரவல்லி. நெய் வழிய அக்காரவடிசில் படைக்கும் நாள்.

இதிலும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பங்கு உண்டு. 1017-ம் ஆண்டு அவ்வூரில் பிறந்தவர் ராமானுஜர். அவர் பிறந்த நாளை ஆங்கிலத் தேதியால் யாரும் கொண்டாடுவதில்லை. சித்திரைத் திருவாதிரை என்று நட்சத்திரம் சொன்னால்தான் ஊர் திரளும். திருப்பாவையில் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் "திருப்பாவை ஜீயர்" என்ற பெயரும் அவருக்கு ஏற்பட்டது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும், நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்து கொண்டதை நாச்சியார் திருமொழி கூறுகிறது. சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ராமானுஜர் அந்த நேர்த்திக் கடனைச் செலுத்தினார் என்றும், பின்னர் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை "அண்ணா" என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு கூறும்.

நேர்ந்து கொண்டவர் ஒருவர், செலுத்தியவர் இன்னொருவர். ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிப்பது என்பது குமரன் கதையும்தான். அவர் காத்த கொடி பறந்ததைப் பார்க்க அவர் இல்லை.

பிள்ளைப்பாக்கத்தின் பதினொன்று

மீண்டும் பிள்ளைப்பாக்கத்துக்கு வரலாம். அமெரிக்க நாட்டு "ஃபர்ஸ்ட் சோலார்" நிறுவனம் இந்தியாவில் தொழிற்சாலை கட்டப் போவதாக 2021-ம் ஆண்டு ஜூலையில் அறிவித்தது. இரண்டரை ஆண்டில் கட்டி முடித்தது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறன் உள்ள தகடுகளைச் செய்யும் ஆலை. உள்ளே போகும் கண்ணாடித் தகடு, சுமார் நான்கு மணி நேரத்தில் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் பலகையாக வெளியே வருகிறது. ஊர்த் தண்ணீரைத் தொடாமல், நகரக் கழிவு நீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் தண்ணீரிலேயே ஆலை இயங்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. ஏரிப் பாசன ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

திறப்பு விழா நடந்தது, அவ்வாண்டுப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. சூரியனுக்குப் பொங்கல் வைக்கும் ஊரில், சூரியனிடமே வேலை வாங்கும் தொழிற்சாலை! நல்ல பொருத்தம்தான்.

ஆனால் கல்வெட்டில் என்ன இருக்கும்? திறந்த தேதி இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். உலகமெங்கும் அதுவே வழக்கம். 10-ந் தேதி இரவு கடைசித் திருகாணியை முடுக்கியவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர் பெயர் இருக்காது. சாரத்தில் ஏறி நின்று இரும்பைப் பூட்டிய, மொழி தெரியாத ஊரிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் பெயரும் இருக்காது.

இது ஒரு கம்பெனியின் குற்றம் அல்ல. தேதிகளைக் கொண்டாடும் பழக்கத்தின் குற்றம். ரிப்பன் வெட்டிய நாளை எழுதுகிறார்கள். வியர்வை சிந்திய நாட்களை விட்டு விடுகிறார்கள். மாலை போடும் நாளை எழுதுகிறார்கள். மண்டை உடைந்த நாளை விட்டு விடுகிறார்கள்.

அரியலூரை மறக்கலாமா?

சாஸ்திரியின் வாழ்க்கையில் தமிழ்நாடு மறக்கக் கூடாத தேதி எது? ஜனவரி 11-ஐ விட, 1956-ம் ஆண்டு நவம்பர் 23 என்றே சொல்ல வேண்டும். அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த சாஸ்திரி, பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவியை விட்டு விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவரா? ரயிலை ஓட்டியவர் அவரா? ஆனாலும் துறை தம்முடையது என்றார், போய் விட்டார்.

தொழிற்சாலை வாசல்களில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண்ணிக்கை எழுதிய பலகை இருப்பதைப் பார்க்கலாம். உண்மையில் அதுவும் ஒரு காலண்டர்தான். விபத்து நேர்ந்தால் மறுநாள் அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு யார் பொறுப்பு என்று பலகை சொல்வதில்லை. அரியலூர்ப் பாடம் அங்கேதான் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பள்ளிகளில் "குமரன் இறந்த தேதி என்ன?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைகள் பதினொன்று என்று எழுதி மதிப்பெண் வாங்கி விடுகிறார்கள். "அதற்கு முந்திய நாள் அவர் என்ன செய்தார்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அப்போதுதான் கொடியும் தடியும் பிள்ளையின் மனத்தில் பதியும்.

தொழிற்சாலைகள் ஆண்டு விழா நடத்துகின்றன. நடத்தட்டும். அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து உடன் உழைத்தவர்களை அன்று மேடைக்கு அழைக்கட்டும். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதம் அந்த ஒரு நாளாவது இல்லாமல் இருக்கட்டும். நிலம் கொடுத்தவர் வீட்டுக்கும் ஓர் அழைப்பிதழ் போகட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை, மனம் வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா? எல்லோர் பெயரையும் எழுதக் கல்வெட்டு எத்தனை அடி வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பெயரையும் கல்லில் எழுத வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஏரி நிரம்பிய நாள், பஸ் முதன்முதலில் வந்த நாள், ஊர்ப் பெண் ஒருத்தி முதன்முதலாகக் கம்பெனிச் சீருடை அணிந்து வேலைக்குப் போன நாள் என்று பிள்ளைகளே கேட்டு எழுதி வரட்டும். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், அதற்கு முன் யார் யார் உழைத்தார்கள் என்று இரண்டு வரி இருக்கட்டும். பத்து ஆண்டில் அது ஊரின் சரித்திரமாகி விடும்.

அடுத்த ஜனவரி 11-ந் தேதி காலையிலும் பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர் காலண்டர் தாளைக் கிழிக்கத்தான் போகிறார். கையில் வரும் தாள் 10-ந் தேதியுடையதாக இருக்கும். அதில் வடை எண்ணெயை ஒற்றுவதற்கு முன், ஒரு நிமிஷம் பார்க்கட்டும். குமரன் கொடியைப் பிடித்துக் கொண்டிருந்ததும், சாஸ்திரி பேனாவை எடுத்ததும் அந்தத் தேதியில்தான்.